மலை தெரியாத வீடு

1974ஆம் வருடம் கார்த்திகை மாதம் முதல், திருவண்ணாமலை கல்தொட்டித் தெருவில் பத்திர எழுத்தர் ராஜமாணிக்கத்தின் வீட்டிலிருந்து பார்த்தால் மலை தெரியாது. இடப்பக்கத்து வீட்டில் தெரிந்தது, வலப்பக்கத்து வீட்டில் தெரிந்தது, எதிர்வீட்டு மாடியில் துணி காயும் கொடிக்கு மேலேயும் தெரிந்தது. ராஜமாணிக்கத்தின் கூடத்திலோ பின்கட்டிலோ மொட்டைமாடியிலோ நின்றால் மட்டும் மேற்கே வெறும் வானம். வாசற்படியை விட்டு ஒரு காலைத் தெருவில் வைத்தால் மலை பழையபடி வந்து நிற்கும். இந்த ஊரில் பஸ் ஸ்டாண்டில் இறங்கிய குழந்தைகூடத் தவறவிட முடியாத பொருள் அது. அதையே ஒரு வீடு தொலைத்துவிட்டது. நகராட்சியிலிருந்து வந்து பார்த்த மேஸ்திரி, சுவரில் விரிசல் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போனார்.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். ராஜமாணிக்கத்தின் மகன் வேணு பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தான். செங்கம் பக்கத்துக் காலனியிலிருந்து நர்ஸ் படிப்பு முடித்து அங்கே வேலைக்குப் போயிருந்த சரசு என்ற பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டதாக ஐப்பசியில் அவனிடமிருந்து கடிதம் வந்தது. பையனை இழுத்துவர ராஜமாணிக்கம் போனார். மாலையும் கழுத்துமாக இருவரும் எடுத்துக்கொண்ட படம் சுவரில் இருந்தது. அவர்கள் கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் திரும்பிப் பஸ் ஏறினார். வீட்டில் கல்யாண வயதில் மகள் கஸ்தூரி இருந்தாள். காலனிப் பெண்ணைக் கட்டியவனின் தங்கையை எவன் கட்டுவான் என்பதுதான் கிருஷ்ணகிரி வரை அவருடைய யோசனை. செத்துப்போனவனின் தங்கையை யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை என்பது ஊத்தங்கரை தாண்டும்போது தோன்றியது. செங்கத்தில் பஸ் டீக்கு நின்றபோது கதை முழுசாகத் தயாராகிவிட்டது. இருபத்தைந்து வருடம் அடுத்தவர் நிலத்துக்கு நான்கு எல்லையும் பிசகாமல் எழுதிய மனிதர், கதையிலும் ஓட்டை வைக்கவில்லை.

தெருவுக்கும் கஸ்தூரிக்கும் ஒரு கதை. ஓசூர் பக்கத்தில் லாரி மோதி வேணு போய்விட்டான், உடம்பு கொண்டுவரும் நிலையில் இல்லை, அங்கேயே எல்லாம் முடித்துவிட்டேன். "ஜோதிக்கு நெஞ்சு வீக்குங்க. அவ காதுல மட்டும் விழக்கூடாது. விழுந்தா அதோட சரி" என்று கையெடுத்துக் கும்பிட்டார். வீட்டில் மனைவி ஜோதியம்மாளுக்கு வேறு கதை. வேணுவைக் கம்பெனி பிலாய்க்கு அனுப்பிவிட்டது, ரொம்ப தூரம், லீவு கிடைக்காது. பெற்றவளிடம் பிள்ளை செத்தான் என்று சொல்லும் துணிச்சல் அவருக்கு இல்லை; உயிரோடு இருப்பவனுக்குப் பிண்டம் வைக்கவும் பயம். அப்புறம், அம்மாவைப் பார்க்கச் சித்திரை வருஷப்பிறப்புக்கு வருகிறேன் என்று பதிவு அலுவலக விலாசத்துக்கு வேணு எழுதினான். அவனுக்கும் ஒன்று தயார் செய்ய வேண்டியதாயிற்று. 'உன் சேதி கேட்ட அன்றே உன் தாய் படுத்தாள், தை அமாவாசைக்கு மறுநாள் போய்விட்டாள், காரியமெல்லாம் முடிந்தது, இந்த வாசலை மிதிக்காதே' என்று மாசி கடைசியில் அழகான கையெழுத்தில் எழுதிப் போட்டார். இப்படியாக ஒரு தாயும் மகனும், நூற்று முப்பது மைல் இடைவெளியில், இருவரும் நல்ல உடம்போடு, ஒருவருக்கு ஒருவர் இல்லாமல் போனார்கள். மலை முதல் கதைக்கே போய்விட்டதால், மற்ற இரண்டுக்கும் போக அந்த வீட்டில் எதுவும் மிச்சமில்லை.

கல்தொட்டித் தெரு நல்ல தெரு. யாருக்காவது உதவி என்றால் யோசிக்காமல் செய்யும், பிறகு அதை நாலு பேரிடம் சொல்லும். "எங்க வேணு எப்டி கீறானோ" என்று ஜோதியம்மாள் கேட்டால், "நல்லா கீறான்க்கா, அங்கேர்ந்து வந்த ஆளு பாத்துட்டு வந்து சொன்னான்" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். முதலில் சொன்னவர் தபால்காரர் சடையன். மறுநாள் காலை பல்பொடியும் கையுமாகப் பின்பக்கம் போனவர் மேற்கே பார்த்துவிட்டு அப்படியே நின்றார். அவர் வீட்டிலும் மலை இல்லை. மளிகைக்கடை பச்சையம்மாள் விவரமானவள். வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினாள். அவளுக்கு உச்சி மட்டும் போயிற்று, அடிவாரமும் பாதி மலையும் நின்றது. ஆனால் கார்த்திகை தீபம் எரிவது உச்சியில்தான் என்பதால் அந்த மிச்சத்தால் அவளுக்குப் பெரிய பிரயோசனம் இல்லை. 1977க்குள் மேலும் பதினாறு வீடுகளில் மலை போய்விட்டது.

பக்கத்து வீட்டு ராமகிருஷ்ணன் வாத்தியார் செய்தது இன்னும் பெரிய உதவி. ஜோதியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் புருஷனின் எழுத்து வளைவு தெரியும். அதனால் பிலாயிலிருந்து வேணு எழுதும் கடிதங்களை வாத்தியார் எழுதினார். காலையில் எழுதுவார், மதியம் சடையன் அதைக் கொண்டுவந்து கொடுப்பார், சாயந்திரம் அதே வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு புதிதாகப் பார்ப்பவர் போல அதை அவளுக்குப் படித்துக் காட்டுவார். குளிருக்குக் கம்பளி வாங்கியிருக்கிறேன், சப்பாத்தி பழகிவிட்டது, முழங்கால் வலிக்குத் தைலம் தடவு. நிஜ வேணு எழுதியிருந்தால் இவ்வளவு பாசமாக எழுதியிருப்பானா என்பது சந்தேகம். எட்டு வருடத்தில் தொண்ணூறு கடிதம். அவள் அவற்றை அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தாள்.

டீக்கடையில் இதைப் பற்றி விவாதம் ஓயவில்லை. ஒரு உயிரைக் காப்பாற்றச் சொன்னால் அது பொய்யில் சேராது என்பது வாத்தியாரின் கட்சி. "அப்ப மலை ஏன் சார் போச்சு?" என்று சடையன் கேட்டார். "அதுக்கு இன்னாய்யா தெரியும், அது கல்லு" என்றார் வாத்தியார். இந்த ஊரில் மலையைக் கல் என்று சொல்லிவிட்டு டீயையும் குடித்து முடித்தவர் அவர் ஒருவர்தான். உண்மையைச் சொல்லி அவள் செத்தால் அது கொலையா, சும்மா இருந்தால் அது பொய்யா, தலையை ஆட்டினால் பாதிப் பொய்யா என்றெல்லாம் பேசிக்கொண்டே இருந்தார்கள். இந்தப் பேச்சு நடக்கும்போதெல்லாம் ராஜமாணிக்கம் ஓரத்தில் உட்கார்ந்து, பன்னை டீயில் தோய்த்துத் தின்றார். எல்லோரும் அவருக்காக வருத்தப்பட்டார்கள்.

கஸ்தூரிக்கு 1976இல் போளூரில் நல்ல இடத்தில் கல்யாணம் ஆயிற்று. எந்தக் காரணத்துக்காகப் பொய் சொன்னாரோ அந்தக் காரியம் முடிந்துவிட்டது. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சம்பந்தி என்ன நினைப்பார், அனுதாபப்பட்ட தெரு காறித் துப்புமே என்று இன்னொரு காரணம் அதற்குள் முளைத்திருந்தது. பொய்க்குக் காரணம் கிடைப்பது எப்போதுமே கஷ்டமில்லை. மனைவி, "ஏங்க, நம்ம வூட்டுல மட்டும் மலை ஏன் தெரியல?" என்று கேட்கும்போது அவர் "மூட்டம்" என்று சொல்லிப் பழகிவிட்டார். கார்த்திகையில் மூட்டம் சரி. சித்திரை வெயிலில், காக்கை நிழலுக்கு ஏங்கும் நடுப்பகலிலும் மூட்டம் என்றார். தெருவும் அதையே சொன்னது.

தீபத்தன்று இந்த ஊரில் மலைமேல் தீபத்தைக் கண்ணால் பார்க்காமல் யாரும் சாப்பிடுவதில்லை. மாடியில் நின்று பார்த்து, அரோகரா சொல்லி, பிறகுதான் இலை போடுவார்கள். கல்தொட்டித் தெருவில் பதினாறு குடும்பங்களும் ஆளுக்கொரு மாடியை வைத்துக்கொண்டு, பட்டினி வயிற்றோடு தெருவில் வந்து நின்று பார்க்க வேண்டியிருந்தது. மெட்ராசிலிருந்து தீபம் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். மாடியில் இடம் விட்டுக் காசு பார்த்தவர்களுக்கு அதுவும் போயிற்று. மலை தெரியாத வீட்டில் பெண் எடுக்க யோசித்தார்கள். 1982 தீபத்தன்று ஜோதியம்மாளை வழக்கம்போல நாற்காலியோடு தூக்கிவந்து தெரு நடுவில் வைத்தபோது, அவள் சுற்றிலும் பார்த்தாள். "வருஷா வருஷம் ஏன் எல்லாரும் ரோட்டுல வந்து நிக்கிறீங்க? மாடிக்கு இன்னா வந்துச்சு?" என்றாள். பதினாறு வீட்டுக்காரர்களும் ஒரே குரலில், "மூட்டம்க்கா" என்றார்கள். தீபம் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தெரு கூடிப் பேசி, தர்மம் என்று ஒன்று இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தது. ஒரு தாயை எத்தனை காலம் ஏமாற்றுவது, அவளுக்கும் எள்ளுத்தண்ணீர் விடும் உரிமை உண்டல்லவா என்று வாத்தியாரே சொன்னார். மாடியைப் பற்றி யாரும் பேசவில்லை. அத்தனை நாகரிகம் தெருவுக்கு உண்டு. மறுநாள் காலை, ஊசியோடு ஒரு கம்பவுண்டரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனார்கள். ராஜமாணிக்கம் பதிவு அலுவலகம் போயிருந்த நேரம்.

"ஜோதிக்கா, மனசத் தெடப்படுத்திக்கோங்க. வேணு இல்ல. எட்டு வருஷமாச்சு" என்றார் வாத்தியார். சொல்லிவிட்டு அழுதார், அந்த அழுகை நிஜம்தான். ஒவ்வொருவராக, நானும் பொய் சொன்னேன், நானும் சொன்னேன் என்று காலைத் தொட்டார்கள். தொட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர்களுக்கு, கொல்லைக் கதவைத் திறந்ததும் மலை இருந்தது. பச்சையம்மாளுக்கு உச்சி முளைத்துவிட்டது. தெரு முழுக்கப் பெண்கள் மாடியேறிக் கும்பிட்டார்கள். ஜோதியம்மாளின் நெஞ்சு நிற்கவில்லை. எட்டு வருடம் ஊரே பொத்திப் பாதுகாத்த அந்த நெஞ்சு, கடிகாரம் மாதிரி ஓடிக்கொண்டே இருந்தது. அவள் பிஸ்கட் டின்னை எடுத்து வாத்தியார் கையில் கொடுத்து, "எழுத்து நல்லா இருந்துச்சு தம்பி" என்றாள். கம்பவுண்டர் ஊசியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனார்.

சாயந்திரம் வந்த ராஜமாணிக்கத்துக்கு விஷயம் தெரிந்தது. பையன் உயிரோடு இருக்கிறான் என்று அந்த இடத்தில் ஒரு வரி சொன்னால் போதும். அவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், அதையும் தெரு துக்கம் என்றே எடுத்துக்கொண்டது. மார்கழியில் ஐயங்குளக் கரையில், உயிரோடு இருக்கும் மகனுக்கு அவர் கருமாதி செய்தார். பிண்டம் வைத்துவிட்டு எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள். அரசமரத்தில் எண்பது காக்கைக்குக் குறையாது. ஒன்றுகூட இறங்கவில்லை. பையனுக்கு ஏதோ ஆசை மிச்சம் இருக்கிறது என்று ஐயர் சொன்னார். ஜிலேபி வைத்துப் பார்த்தார்கள், அவனுக்குப் பிடித்த வறுத்த வேர்க்கடலை வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் வழக்கப்படி மாட்டுக்குப் போட்டார்கள். மாடு தின்றது; அதற்கு விவரம் கம்மி.

ஜோதியம்மாள் வீடு திரும்பிக் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு பின்கட்டில் நின்று மேற்கே பார்த்தாள். தெரு முழுக்க மலை வந்துவிட்டது என்று அவள் காதில் விழுந்திருந்தது. அவள் வீட்டில் வெறும் வானம்.

"எல்லாம் உண்மையச் சொல்லிட்டாங்க, அவங்களுக்கு வந்துடுச்சு. நம்ம வூட்டுக்கு ஏன் வரல?"

"மூட்டம்" என்றார் ராஜமாணிக்கம்.

"இன்னும் ஒரு பொய் இந்த வூட்டுல கீது. அது வேணுவப் பத்தினதுதான். உங்க வாயால வரட்டும். பாக்காம சாப்பிடற வழக்கம் நமக்கு இல்ல. இங்க நின்னு மலையப் பாக்கறேன், அப்புறம் சாப்பிடறேன்" என்றாள். அன்றிலிருந்து அவள் தண்ணீர் தவிர எதுவும் தொடவில்லை.

எந்த வாக்கியத்தைச் சொன்னால் மலை வரும் என்பது உலகத்தில் ராஜமாணிக்கம் ஒருவருக்குத்தான் தெரியும். பதிவு அலுவலகம் போகும் வழியில் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். தெரு, பிள்ளைத் துக்கத்தில் சாப்பிடாமல் கிடக்கிறாள் என்று கஞ்சி கொண்டுவந்து பார்த்தது. ஒன்பதாம் நாள் மதியம் அவர் கட்டிலருகே வந்து நின்று, "ஜோதி, வேணு…" என்று ஆரம்பித்தார். அந்த நொடியில் ஜன்னலுக்கு வெளியே, வானத்தில் பென்சிலால் இழுத்தது போல ஒரு கோடு விழுந்தது. மலையின் தெற்குச் சரிவு. ஜோதியம்மாள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. "சம்பந்தி இருக்காரா?" என்று போளூர்க்காரர் கஸ்தூரியோடு நலம் விசாரிக்க வந்து நின்றார். ராஜமாணிக்கம் வாயை மூடிக்கொண்டு, வாங்க வாங்க என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கோடு அழிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவர் வாய் திறக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. பதினேழாம் நாள், கஸ்தூரியின் கையைப் பிடித்துக்கொண்டு, "கோடு பாத்தேன்டி. அவன் கீறான்" என்றாள். பசி மயக்கத்தில் பிதற்றுகிறாள் என்று கஸ்தூரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்று ராத்திரி உயிர் போயிற்று. சொந்த மனைவி மலையைக் காணாமல் சாகட்டும், தன் பெயர் மட்டும் கெடாமல் இருக்கட்டும் என்று ஒரு மனிதர் தேர்ந்தெடுத்ததை இந்தத் தெரு கூடி நின்று பார்த்தது, பார்ப்பது என்னவென்று தெரியாமலே. எடுப்பு அன்று அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொள்ள ஆறு பேர் இருந்தார்கள். கண்ணாடிச் சட்டம் போட்ட படத்தின் கீழே தேதியை அவரே எழுதினார். 'மறைவு: 24-1-1983.' தேதி சரியானதுதான்.

வேணு 1985 தீபத்துக்கு வந்தான், சரசுவோடும் ஏழு வயது மகளோடும். செத்த அம்மாவின் ஞாபகமாக மகளுக்கு ஜோதி என்று பெயர் வைத்திருந்தான். பத்து வருடம் ஆயிற்று, அப்பாவின் கோபம் ஆறியிருக்கும், அம்மா இருந்த வீட்டைக் குழந்தைக்குக் காட்டலாம் என்று வந்தான். சடையன் அவனைப் பார்த்துச் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கையை ஒடித்துக்கொண்டார். பச்சையம்மாள் கடையைப் பாதி இறக்கினாள். இதையெல்லாம் தன் கல்யாணத்தின் மேலுள்ள வெறுப்பு என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டு அவன் வீட்டுக்குள் போனான். கூடத்தில் அம்மாவின் படம் இருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் அதன் கீழே இருந்த தேதியைப் படித்தான். இன்னொரு தடவை படித்தான். 1976 தையிலிருந்து 1982 தை வரை, ஏழு வருடம், மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்த அம்மாவுக்கு அவன் பெங்களூரில் திதி கொடுத்திருக்கிறான். அந்த வருடங்களில் எந்தக் காக்கையும் சோற்றைத் தொடவில்லை. அது பெங்களூர்க் காக்கை, நம் பழக்கம் அதற்குத் தெரியாது என்று விட்டுவிட்டான்.

ராஜமாணிக்கம் சுவரோரம் நின்றார். குழந்தை பின்கட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, "தாத்தா, இங்கேர்ந்து மலை தெரியும்னு அப்பா சொன்னாரே, எங்க?" என்று கேட்டது.

"மூட்டம்மா" என்றார் அவர்.

அப்புறம் எல்லாம் சொன்னார். கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம் என்று ஒவ்வொரு ஊராக, பத்திரம் படிப்பது போலச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு மேற்கே பார்த்தார். கோடுகூட விழவில்லை. கேட்க வேண்டியவள் கேட்காத உண்மைக்கு மலை வருவதில்லை போலிருக்கிறது. வேணு அரைமணி நேரம் உள்ளே இருந்தான், பிறகு சரசுவோடு, குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு வந்து, எல்லோரோடும் நின்று தீபத்தைப் பார்த்தான், எதிரே கிடைத்த பஸ்ஸில் போய்விட்டான்.

தெருவில் அன்று பல வீடுகளில் இலை போடவில்லை. பதினாறு வீட்டுக்காரர்களும் நாங்கள் எட்டு வருடம் சொன்னது உண்மை, பொய் என்று நினைத்துச் சொன்னோம், மலை போயிற்று. கடைசியில் சொன்னது பொய், உண்மை என்று நினைத்துச் சொன்னோம், மலை வந்தது என்று வாத்தியார் மாடிப்படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். மலை மனசை மட்டும் பார்த்திருக்கிறது. அவளைக் கொன்றது இரண்டாவதுதான். அதற்குத்தான் எனக்குப் பரிசா என்று சத்தம் போட்டார். மறுநாள் கொத்தனாரைக் கூப்பிட்டு மேற்கு ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். டீக்கடையில் அதற்கப்புறம் இந்த விவாதம் நடக்கவில்லை.

ராஜமாணிக்கம் 1988 ஆடியில் இறந்தார். வேணு வந்து கொள்ளி வைத்தான். ஐயங்குளத்தில் பிண்டம் வைத்த கை எடுப்பதற்குள் காக்கை கொத்திக்கொண்டு போயிற்று. வீட்டை வேட்டவலத்திலிருந்து வந்த ஒரு வியாபாரி வாங்கினார். பத்திரத்தில் நான்கு எல்லையும் எழுதி, மலை தெரியாத வீடு என்பதையும் ஒரு வரியில் சேர்த்தார்கள், பின்னால் தகராறு வரக்கூடாதே. வியாபாரி கூடத்தில் மலைப் படம் போட்ட காலண்டர் மாட்டிக்கொண்டார், இப்போது அவர் குடும்பம் தீபத்தன்று தெருவுக்கு வந்து பார்க்கிறது. யாரும் அதை விசேஷமாகப் பேசுவதில்லை.

பத்திரம் பதிவான அன்று, பஸ் ஏறுமுன் வேணு வாத்தியார் வீட்டில் காபி குடித்தான். அந்தத் தீபத்தன்று அப்பாவிடம் அரைமணி நேரம் என்ன சொன்னாய் என்று வாத்தியார் கேட்டார்.

"மன்னிச்சுட்டேன்னு சொன்னேன் சார்."

வேணு குடியிருந்த வீடு பெங்களூரில் ஒரு சந்தில், மூன்று பக்கமும் சுவர். அங்கிருந்து பார்க்க மலை எதுவும் இல்லை, அதனால் அவன் சொன்னது உண்மையா பொய்யா என்று யாருக்கும் தெரியாது.